மூன்று புரிக் கயிறு

கேள்வி: வலை இழுத்து இழுத்துத் தோளில் ஜவ்வு கிழிந்துவிட்டதாம். ஜவ்வில் எத்தனை வகை சார்?
- வாசகர், நெட்டுக்குப்பம்

பதில்: கயிறு தெரிந்தவருக்கு இது எளிது. தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். எலும்பை எலும்போடு கட்டுவது தசைநார். ஊரில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஜவ்வு. குருத்தெலும்பு, எலும்பு, கொழுப்பு, ஏன், ரத்தமும் இதே இணைப்புத்திசுக் குடும்பம்தான். உங்கள் வலையில் விழும் சுறாவுக்கு எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு!

நாணுக்குப் பலம் தருவது கொலாஜன். அது மூன்று புரி முறுக்கிய கயிறு என்று 1954-ல் உலகுக்குச் சொன்னவர்கள் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும். அறுந்த வலையை ஒரே மாலையில் பின்னிவிடுவீர்கள். நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, ஆற மாதங்கள் ஆகும். டாக்டர் சொல்லும்வரை வலையைத் தொடாதீர்கள்.