தராசுக்குள் ஓர் எண்

சப்ரகமுவத் தோட்டப் பகுதி வாசகர்களின் மின்னணுக் கேள்விகளுக்குப் பதில்கள்

புரோகிராமர் என்பது ஆளா, பெட்டியா? அண்ணன் ஒன்று சொல்கிறான், கடைக்காரர் வேறு சொல்கிறார்.
*– பத்தாம் வகுப்பு மாணவன், இறக்குவானை*

இருவர் சொல்வதும் சரி தம்பி. யோசித்து எழுதுகிற ஆளும் புரோகிராமர், எழுதியதைச் சிப்புக்குள் கொண்டுபோய் வைக்கிற பெட்டியும் புரோகிராமர். ஆள் இல்லாவிட்டால் பெட்டிக்கு வேலை இல்லை. பெட்டி இல்லாவிட்டால் ஆள் எழுதியது கொப்பியோடு நின்றுவிடும்.

சிப்பில் புரோகிராம் ஏற்றுவதை ‘எரிப்பது’ என்கிறோமே, எதை எரிக்கிறோம்?
*– ரி.வி. திருத்துபவர், கேகாலை*

ஒரு காலத்தில் உண்மையாகவே எரித்தார்கள். 1956இல் வென் சிங் சௌ என்ற பொறியியலாளர் அமெரிக்காவில் ஒரு வழி கண்டார். மெல்லிய இணைப்புகளில் வேண்டாதவற்றை மின்சாரத்தால் எரித்து அறுத்துவிட்டால், மிஞ்சிய இணைப்புகளின் ஒழுங்கே நிரலாகிவிடும். எரித்தது எரித்ததுதான், திருத்தவே முடியாது. 1971இல் இன்டெல் நிறுவனத்தில் டொவ் ஃப்ரோமன் அழித்தெழுதும் சிப்பைக் கொண்டுவந்தார். அதன் முதுகில் கண்ணாடி போன்ற ஒரு ஜன்னல் இருக்கும். புறஊதா விளக்கின் கீழே கால் மணி நேரம் போல வைத்தால் உள்ளே இருந்தது அழியும். இன்றைய சிப்பை மின்சாரமே எழுதுகிறது, மின்சாரமே அழிக்கிறது. எரிப்பு போய்விட்டது, சொல் மட்டும் நம் கடைகளில் நின்றுவிட்டது.

கரண்ட் போனால் சிப் மறந்துவிடாதா? எங்கள் லயத்தில் மழை வந்தால் கரண்ட் இல்லை.
*– ஒரு தாய், தெரணியகலை*

மறக்காது அம்மா. சிப்புக்குள் ஒவ்வொரு துளி நினைவும் நாலு பக்கமும் அடைத்த ஒரு சின்ன அறை. புரோகிராமர் பெட்டி அதற்குள் மின்துகள்களைத் தள்ளி அடைக்கிறது. வெளியே கரண்ட் இருந்தாலும் போனாலும் அவை அறையை விட்டு நகராது. மாணவர்கள் அதிகம் பயன்படுத்தும் ஆர்டுயினோ ஊனோ பலகையில் உள்ள சிப், சாதாரண அறை வெப்பத்தில் 100 வருடம் நினைவு வைத்திருக்கும் என்று அதைச் செய்தவர்களின் குறிப்பேடு சொல்கிறது. அதே சிப்பில் 10,000 தடவை அழித்து எழுதலாம். பிள்ளை பிழை விட்டுப் பழக அது தாராளமாகப் போதும்.

மாணிக்கக்கல் ஊரில் இருக்கிறோம். இந்தத் தொழிலுக்கும் கல்லுக்கும் உறவு உண்டா?
*– கல் வியாபாரி, இரத்தினபுரி*

நெருங்கிய உறவு. பழைய சிப்பின் முதுகில் இருந்த ஜன்னல், புறஊதாக் கதிரை உள்ளே விடுவதற்காகப் படிகத்தால் செய்தது. ஊனோ பலகையில் பளபளக்கும் சின்னத் தகர டப்பிக்குள் இருப்பதும் படிகத் துண்டுதான். வினாடிக்கு 1 கோடியே 60 இலட்சம் தடவை துடித்து ஒரு சிப்புக்குத் தாளம் போடுகிறது. நீங்கள் விற்கும் செவ்வந்திக்கல்லும், கோயிலுக்குப் போகிறவர் கழுத்திலுள்ள ஸ்படிக மாலையும் அதே கனிமம்தான். மின்னணுப் பலகைக்குப் போவது ஆலையில் வளர்த்த படிகம், உங்கள் பெட்டியில் இருப்பது ‘இல்லம்’ என்ற ஆற்றுச் சரளையில் கிடைத்த படிகம்.

டிஜிட்டல் தராசு வந்த பிறகும் கொழுந்து நிறை குறைவாகத்தான் தெரிகிறது. மெசின் பொய் சொல்லுமா?
*– கொழுந்தெடுக்கும் பெண், பலாங்கொடை*

அக்கா, இந்த மாதம் வந்த கேள்விகளில் இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். தராசின் தட்டுக்கு அடியில் ஓர் உலோகத் துண்டு இருக்கிறது. பாரம் ஏறினால் அது மயிரிழை அளவுக்கு வளையும். அந்த வளைவை மின்சாரமாக மாற்றி, அதை ஒரு சிப் எண்ணாக்குகிறது. மாணவர்கள் பழகும் எச்.எக்ஸ்.711 என்ற மலிவான சிப்கூட, தன் வீச்சை 1 கோடியே 67 இலட்சம் படிகளாகப் பிரித்துப் பார்க்கும். வளைவை அளப்பதில் மெசினுக்குக் குறை இல்லை.

ஆனால் அந்தப் படிகளைக் கிலோவாக மாற்ற, புரோகிராமுக்குள் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணை ஒரு மனிதர்தான் வைத்தார். அது நூற்றுக்கு 5 பிசகினால், உங்கள் 20 கிலோ கொழுந்து 19 ஆகத்தான் தெரியும். முழு நாள் சம்பளத்துக்குப் பேர் விழுவதும் கைக்காசு கிடைப்பதும் அந்த ஒரு கிலோவில் தொங்குகிறது.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பத்து லீற்றர் வெறும் கானைத் தராசில் வைத்து, திரையில் பூச்சியம் வரச் செய்யுங்கள். கானை எடுத்து, அளந்து பத்து லீற்றர் தண்ணீர் ஊற்றித் திரும்ப வையுங்கள். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. எனவே திரை பத்தைக் காட்ட வேண்டும். தட்டின் நடுவில் ஒரு தடவை, மூலைகளில் ஒவ்வொரு தடவை வைத்துப் பாருங்கள். பத்தைக் காட்டாவிட்டாலோ, மாறி மாறிக் காட்டினாலோ, தோட்டத் தலைவரிடமும் துரையிடமும் எண்களோடு போய்ப் பேசுங்கள். வியாபாரத் தராசுகளைப் பரிசோதித்து முத்திரையிடுவது அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் பொறுப்பு. அந்த முத்திரை இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. படங்குக்கும் மழைத் தண்ணிக்கும் எத்தனை கிலோ கழிப்பது என்பது வேறு கதை. அதை மெசின் தீர்மானிப்பதில்லை, மனிதர் தீர்மானிக்கிறார். அதனால் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

அப்படியானால் தராசைத் திறந்து, சிப்பைப் புரோகிராமரில் மாட்டி அந்த எண்ணைப் பார்க்கலாமே?
*– உயர்தர மாணவன், காவத்தை*

கூடாது தம்பி. முத்திரையை உடைத்தால் தராசின் மேல் இருந்த சட்ட நம்பிக்கை போய்விடும், பழியும் உங்கள் தலையில் விழும். பெரும்பாலான சிப்புகளில் பூட்டும் உண்டு. பூட்டினால் உள்ளிருப்பதை வாசிக்க முடியாது, அழிக்க மட்டுமே முடியும். பத்து லீற்றர் தண்ணீர் வெளியில் இருந்தே உண்மையைச் சொல்லிவிடும்.

மழை கொட்டும் இரவுகளில் மேட்டைப் பார்த்துக்கொண்டே விழித்திருக்கிறோம். பிள்ளைகள் படிக்கும் இந்த எலக்ட்ரோனிக்ஸ் எங்களுக்கு ஏதாவது செய்யுமா?
*– தோட்டத் தொழிலாளி, புளத்கொஹுபிட்டிய*

செய்யும் ஐயா. 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததையும், உங்கள் பக்கத்துக் களுப்பான தோட்டத்தில் லயத்து வீடுகள் மண்ணுக்குள் போனதையும் கேகாலை மாவட்டம் மறக்காது.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவை வைத்துத்தான் எச்சரிக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழித்திருக்க வேண்டும். 100 தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 விழுந்தாலோ வெளியேற வேண்டும்.

மழைமானிக்குள் இரு பக்கமும் சாயும் ஒரு குட்டித் தொட்டி இருக்கிறது. ஒரு பக்கம் நிரம்பினால் கவிழும், மறுபக்கம் நிரம்பத் தொடங்கும். பல மானிகளில் ஒரு கவிழ்ப்பு 0.2 மில்லிமீற்றர் மழை. ஒவ்வொரு கவிழ்ப்பிலும் ஒரு காந்தம் சுவிட்சைக் கடக்கும், சிப் ஒன்று கூட்டும். 375 கவிழ்ப்பு என்றால் 75 மில்லிமீற்றர், 750 என்றால் 150. பிள்ளைகள் செய்ய வேண்டியது, எண்ணி, நேரம் பார்த்து, சைரனை ஒலிக்கச் செய்யும் புரோகிராம். அது இருபது முப்பது வரிகளுக்குள் முடியும்.

மெசின் இல்லாத வீட்டிலும் அளக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள நேரான தகர டின்னை வெளியில் வைத்து, அடிமட்டத்தால் தண்ணீரின் உயரத்தை அளந்தால் அதுவே மில்லிமீற்றர் கணக்கு. ஒன்று சொல்கிறேன், மனதில் வையுங்கள்: பள்ளிக்கூடத்தில் செய்த மானி அதிகாரிகளின் எச்சரிக்கைக்குத் துணை மட்டும்தான். சுவர் வெடித்தாலோ, மரம் சாய்ந்தாலோ, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, எந்த எண்ணுக்கும் காத்திருக்காமல் இறங்கிவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

நாங்கள் செய்த மழைமானி ஒரு கவிழ்ப்பை மூன்றாக எண்ணுகிறது. சிப் பழுதா?
*– பாடசாலை விஞ்ஞான மன்ற மாணவி, பெல்மதுளை*

சிப் நல்லது மகள், சுவிட்ச் துள்ளுகிறது. இரண்டு உலோக நாக்குகள் தொடும்போது, பந்து தரையில் குதிப்பதுபோல் சில மில்லிவினாடி தொட்டுத் தொட்டு விலகும். மனிதக் கண்ணுக்கு ஒரு தொடுகை, சிப்புக்கு மூன்று. ஒரு தடவை எண்ணிய பிறகு 50 மில்லிவினாடிக்கு வேறு எதையும் எண்ணாதே என்று ஒரு வரி சேருங்கள். உங்கள் கணக்கை நம்பித்தான் ஒரு லயம் தூங்கப் போகிறது, ஆகவே குவளையால் தண்ணீர் ஊற்றி நூறு கவிழ்ப்பு எண்ணிச் சரிபாருங்கள்.

இறப்பர் பால் வெட்டுகிறவனுக்கு இதில் என்ன இருக்கிறது?
*– எட்டியாந்தோட்டை வாசகர்*

புகைக்கூடம் இருக்கிறது. ஷீட் காயும்போது சூடு 60 பாகைக்கு மேலே போனால் கொப்புளம் விழும், தரம் இறங்கும், விலையும் இறங்கும். டி.எஸ்.18பி20 என்ற விரல்நுனி அளவு வெப்பமானி 125 பாகை வரை அளக்கும். அதோடு ஒரு சிப்பும் ஒரு பஸரும் சேர்த்தால், நடு இரவில் விறகு கூடிவிட்டால் உங்களை எழுப்பும்.

பலகையைக் கணினியில் செருகினேன். விளக்கு எரிகிறது, ஆனால் கணினி ‘யார் நீ’ என்கிறது. இரண்டு நாளாகப் போராட்டம்.
*– உயர்தர மாணவன், நிவித்திகலை*

முதலில் கேபிளை மாற்றுங்கள். போனோடு வரும் மலிவுக் கேபிள்கள் சிலவற்றில் மின்சாரம் போகும் கம்பி மட்டும் இருக்கும், தகவல் போகும் கம்பி இருக்காது. கேபிள் சரியென்றால் சி.எச்.340 என்ற இணைப்புச் சிப்புக்கான டிரைவரை நிறுவுங்கள். பலகை ஈ.எஸ்.பி.32 என்றால், ஏற்றும் நேரம் ‘பூட்’ பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். இந்த மூன்றையும் பார்க்காமல் பலகையைக் குப்பையில் போடாதீர்கள்.

ரி.வி. மெமரி சிப்பை மலிவுப் புரோகிராமரில் எழுதப் பழகுகிறேன். ஒரு புத்திமதி சொல்லுங்கள்.
*– பயிலுநர், ருவன்வெல்ல*

அழிப்பதற்கு முன் வாசியுங்கள். ஒரு தடவை வாசித்துச் சேமியுங்கள், சிப்பைக் கழற்றி மாட்டி இன்னொரு தடவை வாசியுங்கள், இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் அழியுங்கள். அந்தப் பழைய பிரதி ஒரு வாடிக்கையாளரின் ரி.வி.யின் உயிர். சிப் எத்தனை வோல்ட் கேட்கிறது என்பதையும் பாருங்கள். 3.3 வோல்ட் சிப்புக்கு 5 கொடுக்கும் மலிவுப் பெட்டிகள் சந்தையில் உண்டு.

எங்கள் மகள் இதில் விருப்பம் என்கிறாள். இது ஆம்பிளை வேலை என்று உறவினர் சொல்கிறார்கள். என்ன பதில் சொல்ல?
*– ஒரு தந்தை, தெஹியோவிற்ற*

இரண்டு கதை சொல்லுங்கள். நிலவுக்குப் போன அப்பலோ விண்கலத்தின் கணினி நிரலைப் பெண்கள் கையால் நெய்தார்கள். அமெரிக்காவில் வால்தம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை. சின்னச் சின்னக் காந்த வளையங்கள். கம்பி வளையத்துக்குள் போனால் ஒன்று, வெளியே போனால் பூச்சியம். ஒரு கம்பி இடம் மாறினால் நிரல் பிழையாகிவிடும். வேகமாகவும் பிசகாமலும் வேலை செய்யும் விரல்களுக்கு எவ்வளவு மதிப்பு என்று கொழுந்தெடுக்கும் வீட்டுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மற்றக் கதை நம் நாட்டுடையது. 2019இல் விண்ணுக்குப் போன இலங்கையின் ராவணா-1 செய்மதியை ஜப்பானின் கியூஷு தொழினுட்ப நிறுவனத்தில் உருவாக்கிய இரு இலங்கையரில் ஒருவர் துலானி சாமிகா என்ற பெண். செய்மதியின் நிறை ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூட. உங்கள் மகளை அனுப்புங்கள் ஐயா.

தமிழில் புரோகிராம் எழுத முடியுமா?
*– ஆசிரியை, அயகம*

முடியும். முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ முழுவதும் தமிழ்ச் சொல்லாலான நிரல்மொழி. அடிப்படையை விளங்கவைக்க வகுப்பில் பயன்படுத்திப் பாருங்கள். சிப்பில் வேலை செய்யும்போது கட்டளை ஆங்கிலத்தில் இருந்தாலும், விளக்கக் குறிப்பைத் தமிழில் எழுதப் பழக்குங்கள். மலிவான இரண்டு வரித் திரையில் நாமே வரையும் எழுத்து எட்டுக்கு மேல் அடங்காது. தமிழுக்கு அது காணாது. எச்சரிக்கை மணியென்றால் குரலே நல்லது. மெமரி கார்ட்டில் ஊர்ப் பாட்டி ஒருவரின் குரலைப் பதிந்து, ‘எல்லாரும் கோயிலடிக்கு வாங்க’ என்று ஒலிக்க விடலாம். எழுத்துத் தெரியாதவருக்கும் விளங்கும்.

செயற்கை நுண்ணறிவே புரோகிராம் எழுதுகிறதாமே. இனி ஏன் படிக்க வேண்டும்?
*– கல்லூரி மாணவன், இரத்தினபுரி*

அது எழுதித் தரும். எழுதியது சரியா என்று பார்க்க, கம்பியைத் தொட்டுப் பார்க்கும் விரலும் மழையில் நனைந்த கண்ணும் வேண்டும். மழைமானி ஒரு கவிழ்ப்பை மூன்றாக எண்ணுவதைக் கண்டுபிடித்தவள் பெல்மதுளை மாணவி. மானிக்குப் பக்கத்தில் அவள் நின்று எண்ணியதால்தான் அது தெரிந்தது. உதவி வாங்குங்கள், சரிபார்க்கும் அறிவை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் பைதன் படிக்கிறோம். அது சிப்புக்கு உதவுமா? மேலே எங்கே படிக்கலாம்?
*– உயர்தர மாணவி, பலாங்கொடை*

நேராகவே உதவும். மைக்ரோபைதன் என்ற வடிவம் ஈ.எஸ்.பி.32, பிக்கோ பலகைகளில் ஓடும். பாடத்தில் எழுதும் அதே ‘இஃப்’, அதே ‘வைல்’. உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில், பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கணினிக்கும் தொழினுட்பத்துக்கும் பீடங்கள் உண்டு. அதன் வாசலைக் கடந்து பஸ்ஸில் போகும் தோட்டத்துப் பிள்ளைகள் உள்ளேயும் போக வேண்டும் என்பது என் ஆசை.

பலகை வாங்கிவிட்டேன். முதல் புரோகிராம் எது?
*– ஒன்பதாம் வகுப்பு மாணவன், தோட்டப் பாடசாலை, கேகாலை மாவட்டம்*

ஒரு வினாடி விளக்கு எரிய வேண்டும், ஒரு வினாடி அணைய வேண்டும். அவ்வளவுதான் தம்பி. அது ஓடியதும் ஒன்றை இரண்டாக்கி ஏற்றிப் பார். விளக்கு மெதுவாகும். நீ மாற்றிய அந்த ஓர் எண்ணும், பலாங்கொடை அக்காவின் தராசுக்குள் இருக்கும் எண்ணும் ஒரே சாதி. நம் தாத்தா பாட்டி காலம் தொட்டு நம் நிறையையும் பேரையும் செக்ரோல் பதிவேட்டில் மற்றவர்கள்தான் எழுதினார்கள். நீ எழுதிய எண்ணையும் திகதியையும் கொப்பியில் குறித்துவை. பிறகு ஒரு கானில் பத்து லீற்றர் தண்ணீர் எடுத்துக்கொண்டு, அம்மாவோடு கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போ.