நெறியாளருடன் ஓர் எழுத்தாளர்

அழைப்பிதழில் எழுத்தாளரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே ‘உரையாடுபவர்’ என்று போட்டு நெறியாளரின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். அந்த எழுத்தின் அளவை நம்பி அரங்குக்குள் போய் உட்காருகிறவர் இலக்கிய விழாவுக்குப் புதியவர்.

ஜனவரி பிறந்துவிட்டால் சென்னையில் இவர் கண்ணில் படாமல் தப்ப முடியாது. காலையில் ஏதாவதொரு விழா மேடை, மாலையில் நந்தனம் புத்தகக் காட்சியின் வெளியரங்கு. ஜெய்ப்பூரில் 2006இல் தொடங்கிய இலக்கிய விழா வழக்கம் 2016இல் கோழிக்கோட்டுக் கடற்கரைக்கு வந்தது. 2022இல் தமிழ்நாடு அரசும் பொருநையில் ஆரம்பித்து, சிறுவாணி, வைகை, காவிரி என்று ஆற்றுக்கொரு இலக்கியத் திருவிழா எடுத்தது. எழுத்தாளர்களுக்கு அதனால் என்ன கிடைத்ததோ, இவருக்கு நாட்காட்டி நிரம்பிவிட்டது. கடுகு நிற ஜிப்பா, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, பக்கத்துக்குப் பக்கம் வண்ணச் சீட்டு ஒட்டிய நாவல். அந்த நாவலைக் கடைசிவரை திறக்கமாட்டார். மடியில் கிடக்கும், அவ்வளவுதான்.

“சாருக்கு அறிமுகம் தேவையில்லை” என்று தொடங்கும் அறிமுகத்தை விட்டுவிடுவோம். அதை எல்லோரும்தான் செய்கிறார்கள். இவருடைய தனிக்கலை கேள்வியில் இருக்கிறது. அது இப்படிப் போகும்:

“சார், இந்த நாவல்ல ஒரு கிணறு வருது. அது வெறும் கிணறு இல்ல, ஒரு படிமம். நம்ம மரபோட கூட்டு நனவிலி. அதுல தண்ணி வத்துறது நம்ம வேர் வத்துறது. அந்தக் கிழவி அதுல குதிக்கறா. கடைசி அத்தியாயம், படிக்காதவங்களுக்காகச் சொல்றேன். குதிக்கறது தற்கொலை இல்ல, ஆதிக்குத் திரும்பறது. இதை ஃபாக்னர் வேற மாதிரி பண்ணியிருப்பார். மார்க்வெஸ் இன்னொரு மாதிரி. ஆனா நீங்க ரெண்டு பேரையும் தாண்டி ஒரு இடத்துக்குப் போறீங்க. எனக்கென்னமோ இது கிழவியோட கதையே இல்ல, கிணத்தோட கதைன்னு படுது. இதை நீங்க எப்படிப் பாக்கறீங்க?”

எழுத்தாளர் தொண்டையைச் செருமிக்கொள்வார். “எங்க ஊர்ல அப்படி ஒரு கெணறு இருந்துச்சுங்க…”

“கரெக்ட்! அதைத்தான் நான் சொல்ல வர்றேன்.”

அடுத்த ஆறு நிமிடம் அவர் சொல்ல வந்ததைச் சொல்வார்.

கேள்விக்குள்ளேயே பதிலையும் போட்டு, பதிலுக்கு வரக்கூடிய மறுப்பையும் போட்டு, அந்த மறுப்புக்குச் சமாதானமும் சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவருக்கு மிஞ்சுவது “ஆமாங்க” ஒன்றுதான். நல்ல எழுத்தாளர்கள் அந்த “ஆமாங்க”வையே பலவிதமாகச் சொல்லப் பழகியிருக்கிறார்கள். ஆச்சரியத்துடன் ஒன்று, நன்றியுடன் ஒன்று, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒன்று. ஒருமுறை ஒரு மூத்த எழுத்தாளர் துணிந்து “இல்லைங்க” என்று சொல்லிப் பார்த்தார். நெறியாளர் முகம் மலர்ந்துவிட்டது. “பாருங்க, படைச்சவருக்கே தெரியாம படைப்புக்குள்ள வந்து உக்காந்துக்கற விஷயம் இது!” என்று அவையைப் பார்த்துச் சொன்னார். கைதட்டலும் விழுந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெரியவர் வாயைத் திறக்கவில்லை.

கவிஞர் வந்தால் கவிதையை இவரே வாசித்துக் காட்டுவார், அதுவும் இரண்டு தடவை. மொழிபெயர்ப்பாளர் வந்தால் மூலத்தைப் பற்றி மட்டும் பேசுவார். நான்கு பேர் கொண்ட அமர்வு என்றால் இன்னும் சௌகரியம். ஒவ்வொருவர் பேசி முடித்ததும் அதைச் சுருக்கிச் சொல்லும் பொறுப்பை எடுத்துக்கொள்வார். சுருக்கம் மூலத்தைவிட நீளமாக இருக்கும். முன்வரிசையில் ஒரு கல்லூரித் தன்னார்வலர் ‘5 நிமிடம்’ என்று எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடிப்பார். இவர் சிரித்தபடி தலையசைத்து, தெரிந்த பையனுக்கு வணக்கம் வைப்பதுபோல வைத்துவிட்டு மேலே பேசுவார்.

இதற்கெல்லாம் இவரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நம் மேடை அவரை அப்படி வளர்த்திருக்கிறது. காரைக்குடிக் கம்பன் விழாவும் குன்றக்குடி அடிகளாரும் வளர்த்த பட்டிமன்றத்தில் நடுநாற்காலிதான் பெரிய நாற்காலி. பொங்கலன்று சாலமன் பாப்பையா பேசுவதைக் கேட்கத்தான் வீட்டில் டிவி போட்டார்கள். இரண்டு பக்கமும் யார் பேசினார்கள் என்பது அடுத்த நாள் நினைவிருக்காது. அங்கே நடுவர் பேசலாம், பாடலாம், எல்லோரையும் சீண்டலாம், கடைசியில் தீர்ப்பும் சொல்லலாம். அவருக்காகத்தான் கூட்டம். நம்முடைய நெறியாளர் அந்த நாற்காலியைப் பார்த்து வளர்ந்தவர். எழுத்தாளரோடு உரையாடல் என்று கூப்பிட்டாலும் அவர் தீர்ப்புச் சொல்லத் தயாராகத்தான் வருகிறார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இவர் படித்தவர். பின்னட்டையை மட்டும் மேய்ந்துவிட்டு மேடையேறுகிறவர்கள் மலிந்த ஊரில், எழுத்தாளரின் முதல் கதை எந்த வருடம் எந்தப் பத்திரிகையில் வந்தது என்று இவருக்குத் தெரியும். “கணையாழின்னு நினைக்கறேன்” என்று எழுத்தாளர் இழுத்தால், “இல்ல சார், தீபம்” என்று திருத்துவார். சரியாகத்தான் இருக்கும். அந்த இதழ்களைப் பைண்டு செய்து வீட்டுப் பரண் முழுக்க வைத்திருக்கிறார், மனைவியின் எதிர்ப்பையும் மீறி. தனக்கே மறந்துபோன கதையின் பெயரை இன்னொருவர் வாயில் கேட்கும்போது எழுத்தாளரின் முகம் மாறும் பாருங்கள், அமர்விலேயே நல்ல இடம் அதுதான். எழும்பூரில் போய் அவரை இறக்கி, மதியம் நல்ல மெஸ் பார்த்துச் சாப்பிட வைத்து, இரவு மறுபடி ரயிலேற்றிவிடுவதும் பெரும்பாலும் இவர்தான். விழாக்குழுவில் மற்றவர்கள் அந்த நேரத்தில் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் அந்த நல்ல இடத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். “அந்தக் கதையை எழுதினப்போ என்ன வேலை பாத்துக்கிட்டிருந்தீங்க?” என்று ஒரு வரியில் கேட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்திருந்தால் அந்த மனிதர் ஒரு மணி நேரம் பேசியிருப்பார். நாகர்கோவிலிலிருந்து ராத்திரி முழுக்கக் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் உட்கார்ந்து வந்தவர், வயது எழுபதைத் தாண்டியவர். ஒரு பொன்னாடையும் நினைவுப் பரிசும் தவிர வேறெதுவும் கிடைக்காது என்று தெரிந்தே வந்தவர். அவர் எழுதியதை நாங்கள் வீட்டிலேயே படித்துக்கொள்வோம். நெறியாளரின் கருத்தை அவருடைய முகநூலில் தினமும் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தப் பெரியவர் யோசித்து, தயங்கி, ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடுவதை நேரில் பார்க்கத்தான் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருகிறோம். அது நடப்பதேயில்லை. கோவையில் விஷ்ணுபுரம் விருது விழாவில் எழுத்தாளரை உட்கார வைத்தால், புத்தகத்தைப் படித்துவிட்டு வந்த வாசகர்கள் எழுந்து கேட்கிறார்கள், அவர் பதில் சொல்கிறார். செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

கடைசியாக நான் போன விழாவில், பின்வரிசையில் ஒரு பெண் கேள்வியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு நெடுநேரம் கையைத் தூக்கியபடி இருந்தாள். “வாசகர் கேள்விகளுக்கு நேரமில்லை, மன்னிக்கணும்” என்று அறிவித்தார்கள். அறிவித்தவர் நெறியாளர்.

விழாக்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அவரைக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லமாட்டேன். அவர் வராவிட்டால் எழுத்தாளரை யார் ரயிலேற்றிவிடுவது? ஆனால் தயவுசெய்து அவர் ஜிப்பாவில் காலர் மைக் குத்தாதீர்கள். எழுத்தாளருக்குக் குத்துங்கள். நெறியாளருக்குக் கை மைக் கொடுங்கள், முடிந்தால் கொஞ்சம் கனமானதாக. கை வலித்தாலாவது கீழே வைப்பார்.