மறுப்பறிக்கைக்கு வைரஸ் வராது

கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வைரஸ் புகுந்துவிட்டதாக 2019 அக்டோபர் கடைசியில் பேச்சு கிளம்பியது. 29ஆம் தேதி நிலையத்திலிருந்து அறிக்கை வந்தது: பரவுவது பொய்த் தகவல், எங்கள் கட்டுப்பாட்டு அமைப்புக்கு வெளி உலகத் தொடர்பே கிடையாது, அதன்மீது சைபர் தாக்குதல் சாத்தியமில்லை. மறுநாள் நிலையத்தை நடத்தும் அணுமின் கழகம் வாய் திறந்தது: வைரஸ் இருந்தது உண்மைதான், செப்டம்பர் 4ஆம் தேதியே அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் எங்களிடம் சொல்லிவிட்டது.

செப்டம்பரில் தெரிந்த சேதி அக்டோபர் 29 வரை கூடங்குளத்துக்கு வந்து சேரவில்லை போலும். பஸ் கிடைத்திருக்காது.

உலையை இயக்கும் கணினிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, தொற்றியது நிர்வாக வேலைக்கான, இணையத்தில் இணைந்த ஒரு கணினியைத்தான் என்றது கழகம். இருக்கட்டும். இதை முதல் நாளே சொன்னால் என்ன குடி முழுகிப்போகும்? பக்கத்து ஊர் இடிந்தகரைக்காரனுக்குத் தெரியக் கூடாத ராஜ ரகசியமா? தாக்குதல் என்றதும் நம் நிறுவனங்கள் சர்வர் அறைக்கு ஓடுவதற்கு முன் லெட்டர்பேடைத் தேடுகின்றன.

ஆதாரை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஜனவரியில் 'தி ட்ரிப்யூன்' நிருபர் 500 ரூபாய் கொடுத்தார். பத்து நிமிடத்தில் யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் கிடைத்தன. எந்த ஆதார் எண்ணைப் போட்டாலும் பெயர், முகவரி, போட்டோ, போன் நம்பர் எல்லாம் கண்முன்னே. ஆதார் ஆணையம் என்ன செய்தது? தகவல் எதுவும் கசியவில்லை என்றது. கசியாத தகவலை வாங்கியதற்காக அந்த நிருபர் பெயரையும் சேர்த்துப் போலீசில் புகார் கொடுத்தது. ஓட்டையைக் காட்டிய விரலுக்குத்தான் முதல் வழக்கு.

இரண்டு மாதம் கழித்து உச்ச நீதிமன்றத்தில் அரசின் தலைமை வழக்கறிஞர் எழுந்து, ஆதார் தகவல்கள் 13 அடி உயரமும் 5 அடி தடிமனும் கொண்ட மதிலுக்குள் பத்திரமாக இருக்கின்றன என்றார். ஹேக்கர் ஏணி போட்டு ஏறி வருவான் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். நல்லவேளை, அகழி வெட்டி முதலை விடவில்லை.

அதே ஆண்டு ஜூலையில், முன்பு ஆதார் ஆணையத்தை நடத்தி, அப்போது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் தலைவராக இருந்த ஆர்.எஸ். சர்மா தன் எண்ணை ட்விட்டரில் போட்டு, முடிந்தால் கெடுதல் செய்து பாருங்கள் என்று தொடை தட்டினார். போன் நம்பர், பிறந்த தேதி, முகவரி என்று ஆளாளுக்கு எடுத்துப் போட்டார்கள். அவர் கணக்குக்கு ஒரு ரூபாய் மொய்யும் போனது. இதெல்லாம் ஆதாரிலிருந்து எடுத்ததல்ல என்ற ஆணையம், அதே மூச்சில் பொதுமக்களுக்குப் புத்தி சொன்னது: ஆதார் எண்ணை யாரும் பொதுவெளியில் போடாதீர்கள்.

மதிலுக்கு இந்தப் பக்கம் நிலவரம் என்ன? மானிட்டர் ஓரத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டிய பாஸ்வேர்டு. மேலதிகாரியின் லாகினில் உட்கார்ந்திருக்கும் தற்காலிக ஊழியர், உள்ளறையிலிருந்து "ஓடிபி வந்துச்சாய்யா?" என்று குரல். ஆண்டுக்கொரு முறை ஆடிட் வருகிறது. ஃபயர்வால் உண்டா? டிக். பேக்கப் உண்டா? டிக். அந்த பேக்கப்பை ஒருநாளாவது திறந்து பார்த்தீர்களா என்ற கேள்விக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் சைபர் தாக்குதலால் ஐந்து சர்வர்கள் முடங்கின. சீட்டு, பரிசோதனை முடிவு எல்லாம் நாள்கணக்கில் கையெழுத்தில் ஓடின. நெட்வொர்க்கைச் சரியாகப் பகுக்காததே காரணம் என்று அரசே நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது. பிரிக்க வேண்டியதைப் பிரிக்காமல் விட்டவர்கள் யாரும் பீகாரிலிருந்து ரயிலேறி வந்து வரிசையில் நிற்கவில்லை. நின்றது நோயாளி.

பத்திரப்பதிவு ஆவணத்தில் இருக்கும் கைரேகையை எடுத்து, சிலிக்கோனில் வார்த்து, ஏழையின் வங்கிக் கணக்கைத் துடைத்த வழக்குகளும் இந்த நாட்டில் உண்டு. அவன் புகார் கொடுக்கப் போனால், உன் ரேகை வைத்துத்தானே பணம் போயிருக்கிறது என்பார்கள்.

இதற்கெல்லாம் 2023இல் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. தகவலைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். அதே சட்டத்தின் 17ஆம் பிரிவில், இறையாண்மை, பொது ஒழுங்கு என்று காரணம் காட்டி, மத்திய அரசு தன் அமைப்புகளுக்கு ஓர் அறிவிக்கை மூலம் விலக்கு கொடுத்துக்கொள்ளலாம்.