தோற்பதற்கும் ஒரு தகுதி

அமெரிக்க மல்யுத்தக் காட்சிகளில் யார் ஜெயிப்பார் என்பது முன்கூட்டியே எழுதி வைத்த கதை. அப்படியிருந்தும், பெண்ணிடம் ஆண் தோற்பதற்கு நெடுங்காலம் ஒரு சாக்கு தேவைப்பட்டது. ஒன்று, அவன் வாய்க்கொழுப்பு பிடித்தவனாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் கோமாளியாக. நல்லவன் தோற்றால் கௌரவம் என்னாவது!

ஜெஃப் ஜாரெட் முதல் ரகம். பெண்களை மட்டம் தட்டுவதே அவருடைய வேடம். ஆகவே 1999 அக்டோபரில் சைனா என்ற வீராங்கனையோடு மோதியபோது, விதிப்படி ஆயுதமெல்லாம் வீட்டுச் சாமான்கள். பட்டத்துக்கான பெல்ட்டாலேயே அடித்து ஜாரெட் ஜெயித்தும் விட்டார். நடுவர் விடவில்லை, பெல்ட் வீட்டுச் சாமான் இல்லையாம்! ஆட்டம் தொடர்ந்தது. சைனா கிதாரால் ஒரு போடு போட்டார், பட்டம் கைமாறியது. கிதார் எந்த வீட்டு அடுக்களையில் தொங்குகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

2017இல் பெக்கி லிஞ்சிடம் தோற்ற ஜேம்ஸ் எல்ஸ்வொர்த் கோமாளி ரகம். 2020 ஜனவரியில்தான் சாமி காலிஹன் இம்பாக்ட் என்ற மல்யுத்த நிறுவனத்தின் உலகப் பட்டத்தையே டெஸ்ஸா பிளான்சார்டிடம் இழந்தார். வில்லன்தான், ஆனால் சிரிப்பு மூட்ட வந்தவர் இல்லை, முழு மூச்சாக மோதித் தோற்றார். என்னைக் கேட்டால், இந்த வரிசையில் மரியாதையான தோல்வி அது ஒன்றுதான்.