பதிவேட்டு மகாத்மியம்

மனிதன் தானாக விரும்பிச் செய்கிற காரியங்கள் என்றும், பிறருடைய நிர்ப்பந்தத்துக்காகச் செய்கிற காரியங்கள் என்றும் இரண்டே வகை உண்டென்று சாதாரண ஜனங்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். காரியாலயங்களில் காலந் தள்ளி ஓய்வு பெற்ற என் போன்றவர்களுக்கோ மூன்றாவதாக ஒரு வகையும் தெரியும். செய்யாமலே செய்துவிட்டதாக எழுதி வைக்கிற காரியங்கள்தாம் அவை. இவை எப்படி உற்பத்தியாகின்றன என்ற கேள்விக்கு, சிப்பந்திகளுடைய சோம்பேறித்தனத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடலாம். பெரும்பாலான மேலதிகாரிகள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரே மனிதர், ஒரே நாளில், ஒரு விதிக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு, வேறொரு விதியை யாரும் சொல்லாமலே அட்சரம் பிசகாமல் அநுஷ்டிப்பதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறபடியால், குற்றம் விதியை எழுதியவர் பக்கமே இருக்கவேண்டும் என்ற முடிவுக்கு வெகு நாளைக்கு முன்பே வந்துவிட்டேன்.

நான் உத்தியோகம் பார்த்த கம்பெனி சென்னையில் பாரிமுனைக்குச் சமீபத்தில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் இருந்தது. கப்பலில் வந்து இறங்கும் சரக்குகளைக் கஸ்டம்ஸிலிருந்து விடுவித்து உரியவர்களிடம் சேர்ப்பிப்பது அதன் தொழிலாதலால், சிப்பந்திகளில் பாதிப் பேர் எந்நேரமும் கஸ்டம்ஸிலோ துறைமுகத்திலோ பேங்கிலோ இருப்பார்கள். மீதிப் பேர் அவர்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள். இந்த நிலைமையைச் சகிக்கமாட்டாத புதிய மானேஜர் ஒருவர், நிர்வாக சாஸ்திரத்தில் பட்டம் பெற்றவர், நல்ல மனிதர், வந்த மாதமே ‘நடமாட்டப் பதிவேடு’ என்ற ஒன்றைச் சிருஷ்டி செய்தார். பெயர், பிரிவு, போகுமிடம், போகும் காரணம், யாருடைய உத்தரவின்பேரில், புறப்பட்ட நேரம், எதிர்பார்க்கும் நேரம், திரும்பிய நேரம், கையொப்பம் என்று அதில் ஒன்பது பத்திகள் இருந்தன. முரட்டு அட்டை போட்டு, முதுகில் சிவப்புத் துணி ஒட்டி, கோயில் திருப்பணிக் கணக்குக்குத் தகுந்த கம்பீரத்தோடு அது விளங்கிற்று என்பதை நான் மறுக்கவில்லை.

அதை வைத்த இடத்தைத்தான் சற்றுக் கவனிக்கவேண்டும். வெளியே போகிறவர்கள் கீழ்த்தளத்து வாசல் வழியாகத்தான் போகவேண்டும். பதிவேடோ இரண்டாவது மாடியில், மானேஜருடைய அறை வாசலில், அவர் கண்பார்வையில் இருக்கவேண்டும் என்பதற்காக ஒரு முக்காலியின்மேல் பிரதிஷ்டை செய்யப்பட்டிருந்தது. கீழ்த்தளத்தில் வேலை செய்கிறவன் பேங்குக்குப் போகவேண்டுமானால் முதலில் இரண்டு மாடி ஏறி, மானேஜரைத் தரிசித்து, ஒன்பது பத்திகளையும் எழுதிவிட்டு, மறுபடி இரண்டு மாடி இறங்கவேண்டும். பேனாவை யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக்கூடாதே என்று ஒரு சணல் கயிற்றால் முக்காலியின் காலில் கட்டியிருந்தார்கள். அந்தக் கயிறு ஏழாவது பத்தி வரையில் எட்டும்; எட்டாவது பத்தியாகிய ‘திரும்பிய நேர’த்தை எழுதப் போனால் பேனா நின்றுவிடும். ஆதலால் அந்தப் பதிவேட்டின்படி எங்கள் கம்பெனியிலிருந்து புறப்பட்டுப் போனவர்களில் ஒருவராவது திரும்பி வந்ததாகத் தகவல் இல்லை.

முதல் வாரம் எல்லாரும் சிரத்தையாக எழுதினார்கள். இரண்டாவது வாரம் மானேஜர் இருக்கும்போது மட்டும் எழுதினார்கள். அப்புறம் மாதக் கடைசியன்று சாயங்காலம் ஒரே மூச்சாக எழுதும் சம்பிரதாயம் ஏற்பட்டது. அதற்கென்றே எங்களிடையே ஒரு குமாஸ்தா இருந்தார். நாலு பேருடைய கையெழுத்தை நாலு பேனாவால் எழுதக்கூடிய வித்வான். எல்லாவற்றையும் பத்து மணி, பதினொரு மணி என்று வட்டமாக எழுதினால் சந்தேகம் வரும் என்று, பத்து ஏழு, பதினொன்று இருபத்திரண்டு என்று நேரத்தைப் பிசகவிட்டு எழுதுவதில் அவர் காட்டிய நுட்பத்தை நான் எந்தக் கதாசிரியரிடத்திலும் கண்டதில்லை. ஒரு தடவை உற்சாக மிகுதியால் தீபாவளியன்றுகூட இரண்டு பேரைப் பேங்குக்கு அனுப்பிவிட்டார். அந்த வருஷம் தணிக்கைக்கு வந்தவர்கள் தங்கள் அறிக்கையில், நடமாட்டப் பதிவேடு நல்ல முறையில் பராமரிக்கப்பட்டு வருவதாக எழுதிப் பாராட்டினார்கள்.

அதே கட்டடத்தில், அதே மனிதர்களுக்கு நடுவில், யாராலும் சிருஷ்டிக்கப்படாத இன்னொரு பதிவேடும் இருந்தது. தெருமுனைக் கடையிலிருந்து காலை பதினொரு மணிக்கும் பிற்பகல் மூன்றரை மணிக்கும் காபி கொண்டுவந்து கொடுக்கிற பெரியவர் ஒருவர், மாடிப்படிக்குக் கீழே ஒரு கள்ளிப்பெட்டியின்மேல் உட்கார்ந்திருப்பார். சிகரெட் பெட்டியைக் கிழித்து விரித்த அட்டையும், காதில் செருகிய துண்டுப் பென்சிலுமே அவருடைய தளவாடங்கள். அட்டையில் பெயர்கள் இரா. ‘சர்க்கரை இல்லாதவர்’, ‘அரை டம்ளர்’, ‘கண்ணாடி சார்’, ‘ஆத்தி ஆத்திக் குடிக்கிறவர்’ என்று அவருக்கு மட்டும் விளங்கும் சில குறிகள் இருக்கும். கணக்கு மாதத்துக்கு ஒருமுறை தீர்க்கப்படும். இதில் உள்ள ஒரே நிபந்தனை, வெளியே போகிறவர் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அவருக்கும் ஒரு டம்ளர் வந்துவிடும், வந்த டம்ளருக்குப் பணம் கொடுத்தே ஆகவேண்டும் என்பதுதான். ஆகையால் படியிறங்கி வருகிற ஒவ்வொருவரும், வாசலைத் தாண்டுவதற்கு முன்னால், நின்றுகூடப் பேசாமல், “அண்ணே, கஸ்டம்ஸுக்குப் போறேன், பதினொரு மணிக் காபி வேண்டாம், மூணரைக்கு வந்துடுவேன், எடுத்து வையுங்க” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். போகுமிடம், புறப்பட்ட நேரம், திரும்பும் நேரம் எல்லாம் அதில் அடங்கிவிட்டன. கையொப்பம் ஒன்றுதான் பாக்கி. அது இல்லாமலே உலகம் நடந்துகொண்டிருந்தது.

ஒருநாள் தலைமைக் காரியாலயத்திலிருந்து டெலிபோன் வந்தது. ஒரு பில்லைப் பற்றி உடனே பில் குமாஸ்தாவோடு பேசவேண்டுமாம். மானேஜர் பதிவேட்டைப் புரட்டினார். கடைசியாக எழுதப்பட்டிருந்தது போன மாதம் முப்பத்தொன்றாந் தேதி. அவர் திகைத்து நிற்பதைக் கண்ட பியூன், கீழே பெரியவரைக் கேட்டால் தெரியும் என்று மெதுவாகச் சொன்னான். மானேஜரும் இறங்கி வந்து, “பெரியவரே, நம்ம பில் கிளார்க் எங்கே போனார் தெரியுமா?” என்று கேட்டார்.

“அவரு பேங்குக்குப் போயிருக்காருங்க ஐயா. அங்கேருந்து அப்படியே துறைமுகத்துக்குப் போகணும்னாரு. நாலு மணிக்கு வந்துடுவாரு. சுக்குக் காபிக்குச் சொல்லிட்டுப் போயிருக்காரு, தொண்டை கட்டிக்கிட்டிருக்கு. அதனாலே போன்லே பேசச் சொன்னாலும் பேச்சு வராதுங்க.”

ஒன்பது பத்திகள் கொண்ட பதிவேட்டில் தொண்டைக்கு என்று ஒரு பத்தி கிடையாது.

அன்று மாலை மானேஜர் என்னைக் கூப்பிட்டு, “எழுதச் சொன்னா எழுதமாட்டேங்கிறாங்க, கேட்காமலே அவர்கிட்டே சொல்றாங்களே, ஏன் சார்?” என்று மனம் விட்டுக் கேட்டார். அவர் படித்த சாஸ்திரத்திலிருந்தே உதாரணம் சொன்னால் சிலாக்கியமாயிருக்கும் என்று எனக்குத் தோன்றிற்று. அவர் மேஜையில் பிரெடெரிக் டெய்லர் என்ற அமெரிக்கருடைய புத்தகம் எப்போதும் இருக்கும். அந்த டெய்லருடைய முறையைப் பின்பற்றி 1911-ஆம் ஆண்டு வாட்டர்டவுன் என்ற ஊரில் உள்ள அரசாங்க ஆயுதச் சாலையில், வார்ப்படத் தொழிலாளிகளின் பின்னால் கடிகாரத்தோடு ஒருவர் வந்து நின்று ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை விநாடி ஆகிறதென்று அளக்க ஆரம்பித்தார். தொழிலாளிகள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு வெளியேறிவிட்டார்கள். அந்த விவகாரம் அமெரிக்கக் காங்கிரஸ் வரையில் போய், அரசாங்க ஆயுதச் சாலைகளில் நிறுத்துக் கடிகாரம் வைத்து அளப்பதற்குப் பணம் செலவிடக் கூடாதென்று சட்டமே பிறந்தது. அதே தேசத்தில், அதே காலத்தில், கொத்தனாராகத் தொழில் பழகிய பிராங்க் கில்பிரெத் என்பவர், செங்கல்லைத் தரையிலிருந்து குனிந்து எடுக்கவேண்டாதபடி சாரத்தின்மேல் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு பலகை அமைத்துக் கொடுத்து, ஒரு கல் வைப்பதற்குப் பதினெட்டு அசைவுகள் தேவைப்பட்டதை ஐந்தாகக் குறைத்தார். இருவரும் வேண்டியது என்னவோ அதிக வேலைதான். ஆனால் ஒருவருடைய முறையில் தொழிலாளியின் முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் வந்து சேர்ந்தான்; மற்றவருடைய முறையில் முதுகு வலி போயிற்று. எதை ஜனங்கள் வேண்டாம் என்பார்கள், எதை வேண்டும் என்பார்கள் என்று ஊகிப்பதற்கு நிர்வாக சாஸ்திரம் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

நம்முடைய சீகாழியில் பிறந்த ஒரு கணித ஆசிரியரைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். மாநிலக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக நியமிக்கப்பட்டபோது, அங்கே நிலவிய தனிமையைத் தாங்கமாட்டாமல் பழைய வேலையையே திருப்பிக் கொடுத்துவிடும்படி போய்க் கேட்டார் என்பது பிரசித்தம். முதலில் லண்டனுக்குப் போய் நூலகக் கலையைப் படித்துவிட்டு வாரும், அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினார்கள். அங்கே பல நூலகங்களைப் பார்த்துவிட்டு 1925-இல் திரும்பியவர், பிறகு இருபது வருஷம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அவர் செய்த காரியங்களில், வாசகர்களை அலமாரிகளுக்கு அருகிலேயே போகவிட்டதை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். சீட்டில் புத்தகத்தின் பெயரை எழுதிச் சேவகனிடம் கொடுத்துவிட்டு, அவன் உள்ளே போய் வந்து உதட்டைப் பிதுக்கும் வரையில் காத்திருக்கிற பழைய தபசு அத்துடன் ஒழிந்தது. 1931-இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் முதலாவது, புத்தகம் உபயோகத்துக்காகவே இருக்கிறது என்பது; நான்காவது, வாசகருடைய நேரத்தை மிச்சப்படுத்தவேண்டும் என்பது. புத்தகம் உபயோகத்துக்கு என்பதையே ஒரு விதியாக எழுதி வைக்கவேண்டி வந்ததிலிருந்து, அது வரையில் புத்தகங்கள் எதற்காக வைக்கப்பட்டிருந்தன என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அதே வருஷம் மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். ஜனங்கள் பதிவேட்டைத் தேடி மாடி ஏறவேண்டாம், பதிவேடே ஜனங்களைத் தேடிப் போகட்டும் என்ற கொள்கையை மாடுகள்கூட ஒப்புக்கொண்டிருக்கின்றன.

நம் ஊர் நூலகங்களில் கணிப்பொறி வருவதற்கு முன்னால் புத்தகம் இரவல் கொடுத்த முறையைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாக விளங்கும். உறுப்பினராகிய நமக்குப் பை போலத் தைத்த சிறிய அட்டைகளைக் கொடுத்திருப்பார்கள். புத்தகத்தின் உட்புறத்தில் ஒரு மெல்லிய சீட்டு, பேரும் எண்ணும் எழுதியது, செருகியிருக்கும். நூலகர் அந்தச் சீட்டை உருவி நம்முடைய பை அட்டைக்குள் செருகி, தேதிவாரியாக அடுக்கிய மரத்தட்டில் வைப்பார், புத்தகத்தின் தேதித் தாளில் ரப்பர் முத்திரையை ஒரு குத்துக் குத்துவார், தீர்ந்தது. எழுத்து ஒன்றுமில்லை, கையெழுத்தும் இல்லை. நம்மிடம் பை இல்லையென்றால் புத்தகம் நம்மிடம் இருக்கிறது. பை நம்மிடம் வந்துவிட்டால் புத்தகம் அவர்களிடம் போய்விட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நைனா பிரவுன் என்ற அமெரிக்க நூலக அம்மையார் கண்டுபிடித்த இந்தத் தந்திரத்தில் எனக்குப் பிடித்தது, புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது பையைக் கேட்டு வாங்கிக்கொள்ள நாமே அவசரப்படுவோம் என்பது. அடுத்த புத்தகம் வேண்டுமே! கணக்கு சரியாக இருக்கவேண்டும் என்ற கவலை நூலகரைவிட நமக்கு அதிகம்.

ரேஷன் கடை வாசலில் விடியற்காலையில் மனிதர்களுக்குப் பதிலாக மஞ்சள் பைகளும், செங்கற்களும், ஒற்றைச் செருப்பும் வரிசையில் நிற்பதையும், பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு விழுவதையும் நினைத்துப் பாருங்கள். செங்கல்லுக்கு முன்னால் யார் நிற்பது என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. ஆயினும் கடை திறந்தவுடன் செங்கல்லின் சொந்தக்காரர் வந்து தம் இடத்தில் நிற்பார், பின்னால் உள்ளவர் ஒதுங்கி வழி விடுவார். துண்டு மட்டும் சில சமயங்களில் தகராறில் முடிகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தகராறிலும் எந்தத் துண்டு முதலில் விழுந்தது என்பதுதான் வழக்கே தவிர, துண்டுக்கு அதிகாரம் உண்டா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த மானேஜர், உண்மையிலேயே விவேகி என்பதை மறுநாள் நிரூபித்தார். பதிவேட்டைக் கிடங்கில் போட்டுவிட்டு, மாடிப்படிக்குக் கீழே பெரியவருடைய கள்ளிப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகையை மாட்டச் சொன்னார். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறவருடைய குறியைப் பெரியவர் அதில் போட்டு, எத்தனை மணிக்கு வருவார் என்பதையும் கிறுக்குவார். வந்து காபி வாங்கிக்கொண்டால் அழித்துவிடுவார். அவருக்குக் கடைக்குப் போய்ச் சொல்ல எண்ணிக்கை கிடைத்தது, எங்களுக்கு வீண் டம்ளருக்குப் பணம் கொடுப்பது நின்றது, மானேஜருக்கு யார் எங்கே இருக்கிறார்கள் என்பது படியிறங்காமலே மேலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிந்தது. கையெழுத்து வித்வான் ஒருவர்தான் மாதக் கடைசியில் பொழுது போகாமல் சிரமப்பட்டார்.

அந்த மானேஜர் மாற்றலாகிப் போன பிறகு வந்தவர் இன்னும் அதிகமாகப் படித்தவர். வெற்றிகரமாக நடந்துவருகிற ஒரு முறை இப்படிக் கரும்பலகையில் கிறுக்கப்பட்டு அழிந்து போகிறதே என்று வருந்தி, அதற்கென்று பதினொரு பத்திகள் கொண்ட படிவம் ஒன்றை அச்சிட்டு, காபி வேண்டாதவர் ஒவ்வொருவரும் அதை இரண்டு பிரதிகளாகப் பூர்த்திசெய்து பிரிவுத் தலைவருடைய கையொப்பத்தோடு பெரியவரிடம் கொடுக்கவேண்டும் என்று உத்தரவிட்டார். பெரியவர் இரண்டு நாள் அந்தக் காகிதங்களை டம்ளருக்கு அடியில் வைத்துப் பார்த்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்விட்டார். அதிலிருந்து எங்கள் காரியாலயத்தில் எல்லாரும் தெருமுனைக் கடைக்கு நேரே போய்த்தான் காபி குடித்தார்கள். யார், எப்போது, எங்கே போனார் என்பது அதற்கப்புறம் அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. தணிக்கைக்காரர்கள் மட்டும் படிவங்கள் ஒழுங்காக இருப்பதாக எழுதிவிட்டுப் போனார்கள்.