சூடேற்றும் யாத்திரிகர்

கனகராயனாற்றங்கரையில் கூடாரம் அடிக்கும் மோட்டார் சைக்கிள் யாத்திரிகர் அமைதியைத் தேடியே வருகிறார் என்பதை எவரிடமும் மறைப்பதில்லை. வந்திறங்கிய மாலை தொடங்கி மறுநாள் புறப்படும்வரை, கேட்டவருக்கும் கேளாதவருக்கும் அதனை உரத்த குரலில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீற்றர் ஓடி, ஏ-9 வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் மாங்குளம் சந்தியில் பிளேன்ரீ குடித்து, மருதமர நிழலாகப் பார்த்து அவர் ஆற்றோரம் இறங்கும்போது, அவருடைய வண்டியின் சைலன்சர், அதாவது எஞ்சினின் ஓசையை அடக்குவதற்கென்றே உற்பத்தியாளர் பொருத்தி அனுப்பிய குழாய், அந்த வேலையைச் செய்ய இயலாதபடி காசு கொடுத்துத் திருத்தப்பட்டிருப்பதை ஊரார் கண்ணால் காண்பதற்கு வெகு முன்னரே காதால் அறிந்துவிடுகின்றனர்.

இவருடைய பழக்கங்கள் பல. வந்த வழியை நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஒப்புவிப்பார். ரயரின் காற்றழுத்தம் பற்றி எந்நேரமும் கவலைப்படுவார். யாழ்ப்பாணம் போய்த் திரும்பும் வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கியதை, அவ்வழியே போகும் பஸ் பயணிகளும் காலங்காலமாகச் செய்துவருவதை அறியாதவர்போல, ஒரு சாகசமாகவே விவரிப்பார். இவை பொறுக்கத்தக்கவை. விரித்து ஆராயவேண்டியது எஞ்சின் சூடேற்றல் என்னும் வைகறைக் கிரியையே.

சூடேற்றல் எனப்படுவது, புறப்படுமுன் எஞ்சினை இயக்கி, வண்டியை நகர்த்தாமல் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, அருகில் கைகட்டி நின்று செவிமடுப்பதாகும். மயிலும் காட்டுக்கோழியும் முதற்குரல் கொடுக்கும் வேளையில் இது தொடங்குகிறது. முதலில் சாவி திருப்பப்படும். பின்னர் எஞ்சின் ஒருமுறை இருமி எழும். யாத்திரிகர் தலையைச் சற்றே சரித்து, வைத்தியர் நாடி பார்க்கும் முகபாவத்தோடு, அக்சிலேற்றரை மெல்ல முறுக்கி விடுவார், மீண்டும் முறுக்குவார், திருப்தியடையாமல் மூன்றாம் முறையும் முறுக்குவார். பறவைகள் இதற்குள் மறுகரைக்குப் போய்விட்டிருக்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னர் அவர் அதனை நிறுத்திவிடுகிறார் என்பதே இக்கிரியையின் மிக வியக்கத்தக்க கூறு. ஏனெனில் கூடாரம் இன்னும் மடிக்கப்படவில்லை, தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவில்லை, உடன் வந்தவர்களில் ஒருவர் இன்னும் நித்திரை என்று தம்மளவில் நம்பிக்கொண்டு படுத்திருக்கிறார். இந்த அலுவல்கள் முடிவதற்குள் எஞ்சின் ஆறிவிடுகிறது. ஆறிய எஞ்சினைச் சூடேற்றாமல் எடுக்கலாகாது என்பது அவர்தம் மரபாதலின், எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. எட்டு வண்டிகள் வந்திருந்தால் எட்டும் ஒரே நேரத்தில் சூடேற்றப்படுவதில்லை. ஒன்றன் பின் ஒன்றாகவே நடைபெறும். கொழும்புத் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடு இவ்விடயத்தில் அறவே கிடையாது. நல்லிணக்கம் குறித்து எழுதப்பட்ட அறிக்கைகள் எட்டாத ஒற்றுமை இங்கே ஐந்து மணிக்கே எட்டப்பட்டுவிடுகிறது.

இவ்வழக்கத்துக்கு அறிவியல் அடிப்படை அறவே இல்லை எனக் கூறிவிட முடியாது. காபரேற்றர், அதாவது பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் பழைய பாணிக் கருவி, குளிர்ந்த நிலையில் பெற்றோலைச் சரிவர ஆவியாக்காது. ஆகவே சோக் என்னும் தகட்டை இழுத்துக் காற்றைக் குறைத்து, கலவையைச் செறிவாக்கி, எஞ்சின் நிலைகொள்ளும்வரை சற்றுப் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. யப்பானில் பாவித்து இங்கு இறக்கிய பழைய ஹொண்டா எக்ஸ்ஆர் 250 வைத்திருப்பவர் இதனைச் சாட்டாகச் சொன்னால் ஓரளவு ஏற்கலாம். புதிய வண்டிகளிலோ எஞ்சினின் வெப்பநிலையை உணரி ஒன்று அளந்து சொல்ல, எவ்வளவு பெற்றோல் தெளிப்பதென்பதை மின்னணுச் சாதனம் தானே தீர்மானிக்கிறது. அரை நிமிடம் பொறுத்து மெதுவாக எடுத்தால் போதும், மிகுதிச் சூடு வழியிலேயே ஏறிவிடும். மாங்குளத்தின் மார்கழி விடியலும் ஒரு சால்வையோடு சமாளிக்கத்தக்கதே. மேலும், காற்றால் குளிர்விக்கப்படும் எஞ்சின் ஓடும்போது முகத்தில் படும் காற்றை நம்பியிருப்பதால், நின்ற இடத்தில் நெடுநேரம் உறுமவிடுவது அதற்குத் தீங்கே செய்யும். இவற்றை நன்கறிந்தவரும் யாத்திரிகரே; முதல்நாள் இரவு நெருப்பைச் சுற்றியிருந்து ஏனையோருக்கு விளக்கியவரும் அவரே.

மாங்குளத்து முதியோர் இக்காட்சியைக் காணும் விதம் வேறு. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் எரிபொருளுக்குத் தடை விழுந்த ஆண்டுகளில், வன்னியின் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல இலகுவில் ஆவியாகாது. எனவே சிறு போத்தலில் பொத்திப் பாதுகாத்த பெற்றோலில் சில துளிகளை விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெயைப் பொறுப்பேற்கச் செய்யவேண்டும். அவ்வாறு எழுந்த எஞ்சினை வழியில் நிறுத்துவதென்றால் மறுபடியும் அந்தத் துளிகளைச் செலவிடவேண்டும் என்பதால், கடைக்குப் போனவர் சாமான் வாங்கி முடியும்வரை வண்டி வாசலில் புகைந்துகொண்டு நின்றது. இந்தக் கல்வியைப் பெற்ற ஒருவர், விடியற்காலையில் வயலுக்குப் போகும் வழியில், ஓடாமல் உறுமிக்கொண்டு நிற்கும் பல லட்சம் ரூபாய் வண்டியைக் கண்டால், இரக்கமே கொள்கிறார். "என்ன தம்பி, நிப்பாட்டினால் திரும்ப ஸ்ராட் வராதெண்டு பயமோ? பழுதெண்டால் சொல்லுங்கோ, லான்ட்மாஸ்ரரிலை ஏத்திக் கராச்சிலை விடுறன்" என்று அவர் கேட்பதில் கேலி ஒரு துளியும் இல்லை. லான்ட்மாஸ்ரர் என்பது வன்னி உழவரின் இருசில்லு உழவு இயந்திரம். அது சூடேற்றப்படாமலே வேலைக்குப் போகும்.

2022 இல் நாடெங்கும் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, கியூஆர் குறியீட்டு முறையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று பங்கிடத் தொடங்கியபோது, யாத்திரிகர்களின் எஞ்சின் எதுவும் குளிரால் நலிவுற்றதாகச் செய்தி இல்லை.

இத்தனைக்கும் அவர் தீயவரல்லர். முல்லைத்தீவிலிருந்து மீன்பெட்டி கட்டிக்கொண்டு வரும் வியாபாரியின் பழைய பஜாஜ் வண்டி செயின் அறுந்து வீதியோரத்தில் நிற்க, பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டத் தொடங்கும் நேரத்தில், அவ்வழியே போகும் வாகனங்களுள் முதலில் நிற்பது பெரும்பாலும் இவருடையதே. பையை விரித்து, தம் வண்டிக்கென வைத்திருந்த செயின் லொக்கை எடுத்து, வெறும் நிலத்தில் முழந்தாளிட்டு, மணிக்கட்டுவரை கறுப்பாகி, பல்லைக் கடித்துக்கொண்டு அவர் அதனைப் பூட்டி முடிக்கும்வரை அமைதி பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. காசு வாங்கமாட்டார். வற்புறுத்தினால் இரண்டு பாரை மீன் வாங்குவார். அவற்றை இரவு கருக்கியே தின்பார். ஒலியெழுப்பாத வேளைகளில் அவர் மிக நல்ல மனிதர் என்பதை நேர்மையாகப் பதிவுசெய்தாகவேண்டும்.

ஆயினும் அவர் ஆற்றில் வண்டி கழுவும் வழக்கத்தில் நகைப்பதற்கு எதுவும் இல்லை. கனகராயனாறு வருடம் முழுவதும் ஓடும் ஆறன்று. மாரி மழை முடிந்து சில மாதங்களில் அது மடுக்களாக, அதாவது ஆங்காங்கே தேங்கிய ஆழமான நீர்நிலைகளாகத் துண்டுபட்டுப்போகிறது. அந்த மடுக்களில் மாடு குடிக்கிறது, காட்டு விலங்கு குடிக்கிறது. மழை வந்தபின் அதே ஆறு வடக்கே போய், கிளிநொச்சி வயல்களுக்கு நீர் கொடுக்கும் இரணைமடுக் குளத்தை நிரப்புகிறது. அந்த ஆற்றுக்குள் வண்டியை இறக்கி, செயினில் ஊறிய ஓயிலைப் பெற்றோல் துணியால் துடைத்துச் சவர்க்காரம் போட்டு அலசுவதும், காலையில் கொத்துரொட்டிப் பொதிகளையும் வெற்றுப் போத்தல்களையும் மருத வேர்களுக்கிடையே செருகிவிட்டுப் போவதும் கூடாது. வாளியில் நீர் மொண்டு கரையேறிக் கழுவ எவருக்கும் ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவாகாது. எஞ்சினுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதி போதும்.

சூடேற்றும் வழக்கம் தொற்றக்கூடியது என்பதும் அண்மையில் தெளிவாகியுள்ளது. ஆற்றங்கரைக்கு வருவோரைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த ஊர் இளைஞர் சிலர், இப்போது தத்தம் பல்சர் வண்டிகளை விடியலில் முற்றத்தில் நிறுத்தி, சீற்றின் இருபுறமும் பால் கான்களைக் கட்டிய நிலையில், தலையைச் சரித்துச் செவிமடுக்கின்றனர். பால் சேகரிக்கும் இடம் இரண்டு கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. குசினி வாசலில் நிற்கும் தாய்மார் இந்த ஆராய்ச்சிக்கு வழங்கும் கருத்துரை எல்லா வீடுகளிலும் ஏறக்குறைய ஒன்றேயாகும்: "டேய், வண்டி சூடானது காணும், பால் திரையப்போகுது, வெளிக்கிடு!"