பழைய எம்ஜிபி காரின் உயிர்நிலை: ஓர் ஆராய்ச்சி

உடலில் உயிர் எங்கே உறைகிறது என்ற கேள்வியைத் தத்துவ அறிஞர்கள் இன்னும் தீர்த்தபாடில்லை. அவர்களில் ஒருவரும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை முப்பது வருடம் கட்டி மேய்த்ததில்லை என்பதே அதற்குக் காரணம் என இவ்வாய்வாளன் கருதுகிறான்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட உயிரினம் எம்ஜிபி. ஆக்ஸ்போர்டுக்கு அருகில் உள்ள அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் பிறந்தது. எண்ணிக்கை அதிகம், வியாதிகளும் அதிகம். ஆய்வாளனுக்கு வேறென்ன வேண்டும்?

உயிர் எஞ்சினில்தான் என்பது முதல் கட்சி. 1798 சிசி, நான்கு சிலிண்டர். முதல் இரண்டு மூன்று ஆண்டு எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்டின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. ஷாஃப்டில் வெட்டிய திருகு வரிதான் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்ப வேண்டும். ஷாஃப்ட் சுழலும்போது அனுப்பும். வண்டி நின்றால் அதுவும் ஓய்வெடுக்கும், எண்ணெய் தரைக்கு இறங்கும். சொட்டவில்லை என்றால் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று பொருள் கொள்வது இவ்வட்டாரத்து வழக்கு. ஒழுகுவதில் உயிர் இருக்க முடியாது என்பதால் இக்கட்சி தள்ளப்படுகிறது.

கார்புரேட்டர் கட்சியை அவ்வளவு எளிதில் தள்ள இயலவில்லை. எஸ்யூ கார்புரேட்டர்கள் இரண்டு. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். அதற்குக் கருவிகள் உண்டு. ஆனால் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் ஒரு முழ ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்து, உஸ்ஸென்ற ஓசையைக் கேட்பார்கள். பிறகு அடுத்ததன் வாய். திருகில் கால் சுற்று. மறுபடி முதலாவது. ஞாயிற்றுக்கிழமை இப்படியே போய்விடும். கேட்பவரின் முகத்தில் தெரியும் நிறைவைப் பார்த்தால் உயிர் அங்கேதான் இருக்கிறதோ என்று ஆய்வாளனுக்கே சபலம் தட்டுகிறது.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1967 வரை பேட்டரியின் பாசிட்டிவ் முனையை பாடியோடு இணைத்தார்கள். இருக்கைகளுக்குப் பின்னால், கை நுழையாத பள்ளத்தில், ஆறு வோல்ட் பேட்டரிகள் இரண்டு. மின்பொருள்கள் லூகாஸ் தயாரிப்பு. அதன் நிறுவனருக்கு வண்டிக்காரர்கள் வைத்த செல்லப்பெயர் ‘இருளின் இளவரசர்’.

இனி உடல். எம்ஜிபிக்குத் தனிச் சட்டம் கிடையாது, பாடியே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் என்ற தகட்டுப் பெட்டிதான் ரோட்ஸ்டரின் முதுகெலும்பு. முன் சக்கரம் வாரியிறைக்கும் சேறு அதன் தலைமாட்டில் தங்கி, ஈரம் பிடித்து, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். அதை வெட்டியெடுத்து வெல்டிங் செய்யும் முன் கதவு வாசலுக்குக் குறுக்குக் கம்பி கொடுக்காவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். அப்புறம் கதவு ஜன்மத்துக்கும் சாத்தாது.

இதற்கும் மேலே ஒரு சிக்கல் 1988-இல் வந்தது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளையே தேடிப் பிடித்துப் புத்தம்புது எம்ஜிபி பாடிகளை அடிக்கத் தொடங்கியது. துருப்பிடித்த கூட்டை எறிந்துவிட்டுப் புதுக் கூட்டில் பழைய உறுப்புகளைப் பூட்டினால் அது எந்தக் கார்?

தத்துவம் திணறிய இடத்தில் குமாஸ்தா விடை சொன்னார். ஸ்வான்சீயில் உள்ள வாகனப் பதிவு அலுவலகம் பல்லாண்டுகளாக ஒரு மதிப்பெண் முறையைப் பின்பற்றியது. பாடிக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்ஸில்கள், கியர் அமைப்பு, ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு 1. எட்டு தேறினால் பழைய பதிவு எண்ணுக்கு உரிமை உண்டு. பழைய அமைப்பிலேயே செய்த புது பாடிக்கும் அதே ஐந்து! ஆக, உயிரில் எஞ்சினின் பங்கு மொத்தம் பதினான்கில் ஒன்று. கார்புரேட்டருக்குச் சைபர். ரப்பர் குழாய்க்காரர்கள் மேல்முறையீடு செய்திருக்க வேண்டும்.

நாற்பது வயது தாண்டி, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்குப் பிரிட்டனில் ஆண்டுத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. சோதனை மிகவும் தேவைப்படும் வயதில் விலக்கு அளித்த கருணையை இவ்வாய்வாளன் வியக்கிறான்.

முடிபு: காரின் உயிர் பதிவு எண்ணில் உறைகிறது, மற்றவை எல்லாம் உதிரி பாகங்கள். இதை ஏற்காமல் எம்ஜிபி வாங்கியே தீருவேன் என்பவர்கள் பையில் ஒரு காந்தம் எடுத்துச் செல்லவும். வண்டியைச் சுற்றி வந்து ரசிப்பதற்கு முன் குனிந்து சில் நெடுக அதை ஒட்டிப் பார்க்கவும். ஒட்டாத இடம் தகடல்ல, பட்டி. விலை பேசுவதை அங்கிருந்து தொடங்குங்கள்.